இடது உள்ளங்கை

பிரசவ வார்டில் அவளைப் பூனையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டரிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவள் பூனையம்மா. இருபத்தெட்டு வருஷமாக அந்த வார்டில் ஆயா வேலை. எட்டுக் கட்டிலுக்கு நடுவே நாள் முழுக்க நடப்பாள். அவள் நடக்கிற சத்தத்தை ஒருத்தரும் கேட்டதில்லை. அப்போதுதான் கண்ணயர்ந்த தாயின் தலைமாட்டிலிருந்து அழுக்குத் துணியை உருவிவிட்டு, புதுத் துணியை வைத்துவிட்டுப் போயிருப்பாள். "பூனையம்மா வந்தாங்களா?" என்று யாராவது கேட்டால், "துணி மாறியிருக்கு, வந்துட்டுப் போயிருப்பாங்க" என்று பதில் வரும்.

இருபத்துமூன்று வயதில் சேர்ந்தாள். புருஷன் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கிறவர். ஒரு நாள் சாரம் சரிந்தது, ஆள் போய்விட்டார். கையில் மூன்று வயதுப் பெண். அந்தப் பெண் வளர்ந்ததே ஆஸ்பத்திரியில்தான் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே வந்துவிடுவாள். துணி வைக்கிற அறையில் மடித்து அடுக்கிய போர்வைகள்மேல் ஏறிக் கால் நீட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதிக்கொண்டே தூங்கிப்போவாள். ஒருமுறை சலவைக்காரர் அவசரத்தில் அவளையும் சேர்த்துத் துணி மூட்டையோடு தூக்கப் பார்த்துவிட்டார். "என்னடா இது, இன்னைக்கு மூட்டை உதைக்குது!" என்று அவர் அலறியதை வார்டில் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அம்மாவும் பெண்ணும் அப்படி ஒட்டிக்கொண்டு கிடந்தவர்கள். சண்டை வந்தால் தெருவே கேட்கும். "நீ ஒரு லூசும்மா" என்பாள் மகள். "உன்னைப் பெத்தவ வேற எப்படி இருப்பா?" என்பாள் இவள். அடுத்த நிமிஷம் ஒருத்தி தலையை இன்னொருத்தி வாரிக்கொண்டிருப்பாள்.

அந்த வார்டில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, கை வழியாக வந்த பழக்கம். குழந்தை வெளியே வந்து அழாவிட்டால், கட்டிலின் தலைப்பக்கம் நிற்கிற ஆயா தன் இடது உள்ளங்கையைத் தாயின் கண்மேல் வைத்து மூடிவிடுவாள். "கண்ணை மூடிக்கோம்மா. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று காதோரம் சொல்லுவாள். அதற்குள் குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தாய் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் அந்த முகம் ஆயுசுக்கும் விடாது என்பது அவர்கள் எண்ணம். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். பிறகு காலம் மாறியது. புதிதாக வந்த தலைமை நர்ஸ், "இனிமே அப்படி மூடாதீங்க. பாக்கணுமான்னு அவங்களையே கேளுங்க. மடியில வெச்சுக்கணும்னா குடுங்க" என்று சொல்லிவிட்டாள். பூனையம்மாவும் தலையாட்டினாள். தலை ஆடியதே தவிர, இருபத்தெட்டு வருஷத்துக் கைக்கு அது எட்டவில்லை.

மகளுக்குப் பிரசவம் அதே வார்டில்தான். ஜன்னலோரக் கட்டில் வேண்டும் என்று அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்து, விரிப்பைத் தன் கையால் போட்டாள். வார்டே கொண்டாட்டமாக இருந்தது. போர்வைமேல் தூங்கிய குட்டி, தானே ஒரு குட்டி பெறப்போகிறாள் என்று துப்புரவுக்காரர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாள் குறித்ததற்கு ஒரு வாரம் முன்னால் வயிற்றில் அசைவு நின்றுபோனது. அன்று ராத்திரியே வலி வரவழைத்தார்கள். விடிந்ததும் பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை.

தலைமை நர்ஸ் நிமிர்ந்து, "அவங்க பாக்கணும்னு..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் பூனையம்மாவின் இடது கை மகளின் கண்மேல் இருந்தது.

"வேண்டாம் சிஸ்டர். நான் பாத்துக்கறேன்."

கைக்கு அடியிலிருந்து மகள் சொன்னாள்: "அம்மா, காட்டும்மா. ஒரே ஒரு தடவை."

"ஒண்ணுமில்லம்மா. கண்ணை மூடிக்கோ. ஒண்ணுமில்ல."

மகள் கண்ணை மூடவில்லை. ஈர இமைகள் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. குழந்தையைத் திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோன பிறகுதான் பூனையம்மா கையை எடுத்தாள். பிறகு வழக்கம்போல் எல்லாம் வேகமாக நடந்தது. தானே சுற்றினாள், தானே எடுத்துக்கொண்டு நீள நடைவழியின் கடைசி அறைக்குப் போனாள். மருமகன் பஸ் டிரைவர். வெகுதூர வழித்தடத்தில் இருந்தவர் பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து சேர்வதற்குள் மதியம் ஆகிவிட்டது. சின்னப் பெட்டி மூடி ஒட்டியிருந்தது. "திறக்காதீங்க மாப்பிள்ளை. உங்களால தாங்க முடியாது" என்றாள். அவர் பெரியவர் பேச்சைத் தட்டாத மனுஷர். அப்படியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மகள் அம்மாவை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. "சாவி மேசைமேல இருக்கு, எடுத்துக்கோங்க." "நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசியில்ல." வேற்று ஆளிடம் பேசுகிற மரியாதை. பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, உன் பொண்ணுக்கு இப்பதான் மரியாதை வந்திருக்கு!" என்று மெச்சினாள். பூனையம்மா சிரித்து வைத்தாள். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

எட்டு மாதம் இப்படியே போயிற்று. பிறகு மருமகனுக்கு வேறு ஊர் டிப்போவுக்கு மாற்றல் வந்தது. ஒன்றரை நாள் பயணம். வியாழக்கிழமை சாமான் ஏற்ற லாரி வருகிறது. வீடு முழுக்க அட்டைப்பெட்டி. பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்ற இவள் உட்கார்ந்தாள். மகள், "வேண்டாம், நீங்க போய்ப் படுங்க. நான் சுத்திக்கறேன்" என்று கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். இப்படியே லாரி ஏறிவிட்டால் மகள் இனித் தனக்கு இல்லை என்று பூனையம்மாவுக்குப் பட்டது. போன் பண்ணுவாள், சௌக்கியமா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். சாகிற வரைக்கும் அவ்வளவுதான்.

மருமகனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வந்து, "நாளைக்குக் காலையில காட்டுக்குள்ள நடக்கக் கூட்டிட்டுப் போறாங்களாம். டிப்போவுல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. மரம், பறவையெல்லாம் காட்டுவாங்க. மூணு பேருன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார்.

"அவங்களும் வர்றாங்களா?" என்று மகள் புருஷனிடம் கேட்டாள். 'அவங்க' இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

"ஊரை விட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவை மூணு பேரும் சேர்ந்து எங்கயாவது போவோமே" என்றார் அவர். மகள் உள்ளே போய்விட்டாள். ஆனால் காலையில் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

காட்டின் முகப்பில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். வழிகாட்டி ஒல்லியான மனுஷர், கழுத்தில் விசில். "யாரும் சத்தம் போடக் கூடாது. ஏதாவது மிருகம் வந்தா அப்படியே நில்லுங்க, ஓடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, எல்லோர் முகமும் வெளுத்ததைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "பயப்படாதீங்க. மூணு வருஷமா இந்தப் பாதையில நான் பாத்த பெரிய மிருகம் முயல்தான். அதுவும் என்னைப் பாத்துதான் ஓடிச்சு."

கூட்டத்தில் ஒருவர் தன் உடம்பைவிடக் கனமான கேமராப் பையோடு வந்திருந்தார். "முயலா? இதுக்கா நான் இவ்வளவு தூக்கிட்டு வந்தேன்?" என்று அவர் முனகியதற்கு நாலைந்து பேர் சிரித்தார்கள். மகளின் உதடுகூட லேசாக அசைந்தது. அம்மா அதைக் கவனித்தாள்.

ஒற்றையடிப் பாதை. வழிகாட்டி முன்னால், பிறகு மற்றவர்கள். கடைசியில் மருமகன், அவர் பின்னால் மகள், எல்லோருக்கும் கடைசியாகப் பூனையம்மா. மகளின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். காதோரம் ஒரு நரைமுடி தெரிந்தது. முப்பத்தொரு வயதில் நரை. அதைப் பிடுங்கட்டுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வழியில் வழிகாட்டி ஒரு மரத்துப் பட்டையைக் காட்டி ஏதோ சொன்னார், ஒரு பறவைக் கூட்டைக் காட்டினார். எதுவும் இவள் காதில் ஏறவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றே மனசு சுற்றிக்கொண்டிருந்தது. 'நான் செஞ்சது தப்பு' என்று ஆரம்பிக்கலாமா? 'உன் நல்லதுக்குத்தான்' என்று எப்படியும் வாய் முடித்துவிடுமே?

பாதை ஒரு வளைவில் திரும்பியது. முன்னால் போனவர்கள் புதர் மறைவில் போய்விட்டார்கள். மருமகன் பத்தடி முன்னால் இருந்தார். அப்போது இடப்பக்கத்துப் புதர் பிளந்துகொண்டது.

கடமான். குதிரை உயரம் இருந்தது. ஓடையிலிருந்து ஏறி வந்திருக்க வேண்டும், தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மருமகனுக்கும் மகளுக்கும் நடுவே, மகளுக்கு இரண்டு கை தூரத்தில், பாதையில் வந்து நின்றது.

பூனையம்மா நினைத்துச் செய்யவில்லை. பின்னாலிருந்து அவள் இடது கை போய் மகளின் கண்களை மூடியது. வலது கை மகளைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தது. வாய் தானாகச் சொன்னது:

"கண்ணை மூடிக்கோம்மா. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

மகள் உடம்பு விறைத்தது. உள்ளங்கைக்குள் இமைகள் படபடவென்று அடித்தன.

மகளின் தோளுக்கு மேலே பூனையம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். கொம்பில் சுற்றிக்கொண்டிருந்த கொடியைப் பார்த்தாள். ஒரு காதின் நுனி கிழிந்திருந்ததைப் பார்த்தாள். அதன் மூச்சு காலைக் குளிரில் புகைபோல் வந்து போனது. அது இவளைப் பார்த்தது. ஒரு மடக்கு தண்ணீர் குடிக்கிற நேரம் நின்றிருக்கும். பிறகு ஒரே தாவல், எதிர்ப்பக்கப் புதர் மூடிக்கொண்டது.

காடு கலகலத்துவிட்டது. முன்னால் போனவர்கள் ஓடி வந்தார்கள். வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "போச்சு, போச்சு! வால் மட்டும்தான் எனக்குக் கிடைச்சுது! இவ்வளவு கிட்ட வந்துச்சா? சொன்னா ஆபீஸ்ல ஒருத்தன் நம்ப மாட்டான்!" என்று குதித்தார். கேமராக்காரர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாராம். ஒரு கையில் கேமராவும் ஒரு கையில் லென்ஸுமாக, பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி நின்றார். மருமகன் எட்டு மாதத்தில் முதல் தடவையாக முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"பாத்தியா? உனக்கு முன்னாடியே நின்னுச்சு! எவ்வளவு அழகு! பாத்தியா நீ?"

"பாக்கல" என்றாள் மகள்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. மாமியாரின் கை இன்னும் பாதித் தூக்கினபடி இருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

மகள் திரும்பினாள். "இதையும் பாக்க விடலையா நீ?"

எட்டு மாதம் கழித்து 'நீ' வந்திருக்கிறது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படவா, சாகவா என்று பூனையம்மாவுக்குத் தெரியவில்லை.

"கை... தானா போயிடுச்சும்மா."

"தானாவா? அன்னைக்கும் தானாத்தான் போச்சா? சிஸ்டர் என்னைத்தானே கேட்டாங்க? நீ எதுக்கு வேண்டாம்னு சொன்ன? நான் காட்டும்மா காட்டும்மான்னு கத்தினேனே, காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

வழிகாட்டிக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனுஷர். "நாங்க ஓடைக்கிட்ட இருக்கோம். மெதுவா வாங்க" என்று மற்றவர்களை நகர்த்திக்கொண்டு போனார். கேமராக்காரர் மட்டும் போகும்போது, "நீங்களாவது பாத்தீங்களேம்மா" என்று பூனையம்மாவிடம் பொறாமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பாதையோரம் ஒரு மரம் விழுந்து கிடந்தது. மகள் அதன்மேல் உட்கார்ந்தாள். மருமகன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சொல்லு. எப்படி இருந்துச்சு?"

பூனையம்மா கையைக் கீழே இறக்கினாள். "பெருசா இருந்துச்சும்மா. கொம்புல ஒரு கொடி..."

"மானைக் கேக்கல."

இப்படி ஒரு கேள்வி வரும் என்று பூனையம்மா எட்டு மாதமாகப் பயந்திருந்தாள். பதிலும் வைத்திருந்தாள். வார்டில் எல்லாத் தாய்க்கும் சொல்கிற பதில்: 'தூங்குற மாதிரி இருந்துச்சும்மா. உன்னை மாதிரியே மூக்கு.' எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அவர்களும் அதைக் கேட்டுக் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கிறார்கள். இப்போதும் வாய் அதற்குத்தான் திறந்தது. மகள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல முடியவில்லை.

"நான் பாக்கல" என்றாள்.

"என்ன?"

"முகத்தை நான் பாக்கல."

"உன் கையாலதானே சுத்தின?"

"ஆமா. சுத்தினேன். தூக்கிட்டுப் போனேன். ஆனா பாக்கல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு குழந்தை முகத்தைப் பாத்துட்டேன். மூணு மாசம் பாத்திரம் கழுவுற தண்ணியில அந்த முகம்தான் தெரிஞ்சுது. அப்ப இருந்த பெரிய சிஸ்டர் சொன்னாங்க, துணியைப் பாரு, முகத்தைப் பாக்காதன்னு. அதுலேர்ந்து நான் யாரையும் பாத்ததில்லம்மா. துணியைத்தான் பாப்பேன். மடிப்பைத்தான் பாப்பேன். அன்னைக்கு என் பேத்தின்னு தெரியும். தெரிஞ்சும் கண்ணு துணிக்குப் போயிடுச்சு. கடைசி ரூம்ல வெச்சுட்டு வெளிய வந்து கதவைச் சாத்தினதுக்கப்புறம்தான், ஐயோ பாக்கலையேன்னு தோணுச்சு. திரும்பிப் போகத் தைரியம் வரல."

மகள் புருஷனைப் பார்த்தாள். "நீங்க?"

அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். "அத்தை திறக்க வேண்டாம்னாங்க."

"அப்ப யாருமே பாக்கலையா?" என்றாள் மகள். "நம்ம பொண்ணை யாருமே பாக்கலையா?"

"சிஸ்டர் பாத்திருப்பாங்க. டாக்டர் பாத்திருப்பாரு" என்றாள் பூனையம்மா. "நம்ம ஆளு யாரும் பாக்கல."

அப்போதுதான் மகள் அழுதாள். எட்டு மாதம் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். பூனையம்மாவுக்கு அவளைத் தொட வேண்டும் போலிருந்தது. தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள். அழுகை கொஞ்சம் இறங்கும் வரை நின்றாள்.

"கால் மட்டும் பாத்தேன்" என்றாள் பிறகு.

மகள் நிமிர்ந்தாள்.

"சுத்தும்போது ஒரு கால் துணிக்கு வெளிய நழுவிடுச்சு. உள்ள எடுத்து வெச்சேன். அப்ப பாத்தேன். ரெண்டாவது விரல் கட்டைவிரலை விட நீளம். நம்ம வீட்டுல யாருக்கும் அப்படி இல்லையேன்னு நினைச்சேன்."

மருமகன் பாட்டிலைக் கீழே வைத்தார். அந்த மரத்திலேயே இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்து, இடது ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது.

"எந்தக் கால்?" என்று மகள் அம்மாவைக் கேட்டாள்.

"வலது."

அவர் இடது ஷூவை அப்படியே விட்டுவிட்டு வலது ஷூவைக் கழற்றினார். காலுறையை உருவினார். டிரைவர் கால், பிரேக்கை மிதித்து மிதித்து விரலடியெல்லாம் காய்த்திருந்தது. இலைச் சருகின்மேல் அதை வைத்தார். இரண்டாவது விரல் கட்டைவிரலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

"இப்படியா அத்தை?"

பூனையம்மா குனிந்து பார்த்தாள். மருமகன் காலை யார் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்? ஐந்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்குத் தெரியாது. "இப்படியேதான் மாப்பிள்ளை" என்றாள். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மகள் மரத்திலிருந்து இறங்கித் தரையில், அந்தக் காலுக்கு எதிரே உட்கார்ந்தாள். "எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

பூனையம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன் ஆள்காட்டி விரல் அளவு. அதுல கொஞ்சம் குறைச்சல். விரல்ல எல்லாம் நகம் இருந்துச்சு."

"நகம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. வெட்டுற அளவுக்கு."

மகள் தன் ஆள்காட்டி விரலை நீட்டிப் பார்த்தாள். புருஷனின் காலுக்குப் பக்கத்தில், சருகின்மேல், அதைப் படுக்க வைத்தாள். மூன்று பேரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ தொட்டப்ப சில்லுனு இருந்துச்சா?" என்றாள் மகள், விரலை எடுக்காமல்.

"இல்லம்மா. சூடாத்தான் இருந்துச்சு" என்றாள் பூனையம்மா. "உன் சூடு."